வளையலைக் கழட்டிட்டுப் பேசுங்கம்மா

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குள்
ஆற்காடு சாலை மெட்ரோ தூண்களுக்கெல்லாம்
அவள் செத்துப்போனது தெரிந்துவிட்டது.
பசை இன்னும் காயவில்லை.
'கிருஷ்ணாயில்' மரகதம், கண்ணீர் அஞ்சலி,
மேலே வாய்நிறையச் சிரிப்பு.
சோகமாக ஒரு படம் எங்கே தேடியும்
கிடைக்கவில்லையாம் போஸ்டர்காரருக்கு.

டீக்கடை டி.வி.யில் அன்றெல்லாம் அவள்தான்.
ரேஷன் கடை வரிசை, இடுப்பில் கேன்,
முப்பது வருஷத்துக்கு முந்தைய இடுப்பு அது.
அளக்கிறவனை ஏறஇறங்கப் பார்த்துச் சொல்கிறாள்:
"ஊத்தறதே ஊத்தற, மனசோட ஊத்து."
சாலிகிராமம் சிரித்தது.
சிரித்துவிட்டு, கையிலிருந்த கிளாஸைப் பார்த்துக்கொண்டது.

நான் சிரிக்கவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை.
அந்த வரிக்கு முன்னால் என்ன இருக்கும் என்று
எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.
பதினொரு வருஷம் அவள் குரலை வெட்டியவன்,
டப்பிங் அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.
"வளையலைக் கழட்டிட்டுப் பேசுங்கம்மா" என்பேன்.
"கழட்டுனா கை பேசாதுப்பா" என்பாள்.
ஊறுகாய் ஜாடிக்கு வாய் கட்டுவதுபோலக்
கைக்குட்டையைச் சுற்றிக்கொள்வாள்.
அப்படியும் கிலுங்கும். வெட்டுவேன்.
தொண்டைச் செருமலை வெட்டுவேன்.
பேசுமுன் தொடையில் ஒரு தட்டு தட்டுவாள், அதையும்.
"இன்னிக்கும் லெமன் சாதமா?", அதையும்.
வெட்டியதை அழிக்கவில்லை.
பாசமெல்லாம் இல்லை, சோம்பேறித்தனம்.
'வேஸ்ட்' என்று ஒரு ஃபோல்டர்,
ஓடவிட்டால் நாற்பது நிமிஷம் வரும்.

மறுநாள் வளசரவாக்கம் இடுகாடு.
மகன் குமரகுரு ஆவின் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துப்
பால் ஊற்றுகிறார்.
கை நடுக்கத்தில் நூலாக இறங்குகிறது பால்.
எங்களுக்குப் பின்னாலிருந்து யாரோ,
லைட்மேனோ, சும்மா பார்க்க வந்தவனோ,
தன்னையறியாமல்:
"ஊத்தறதே ஊத்தற..."
முடிக்கவில்லை. நாக்கைக் கடித்திருப்பான்.
குழி மூடினவர் மண்வெட்டியை நிறுத்தினார்.
ஒரு ஆட்டோ ஹாரன்கூட இல்லை.
குமரகுருவின் தோள் குலுங்கியது.
அழுகை என்றுதான் நினைத்தோம்.
திரும்பினார்: அம்மாவின் சிரிப்பு,
அதே கடைவாய்ப் பல் தெரிய.
"மனசோட ஊத்து" என்று அவரே முடித்து
பாக்கெட்டைக் கவிழ்த்தார்.
அதற்கப்புறம்தான் எல்லாரும் அழுதோம்.

இரண்டு வாரம் கழித்து மேனேஜர் ஜபருல்லா கூப்பிட்டார்.
கடைசிப் படத்தில் அவளுக்கு மூன்று வரி பாக்கி.
மிமிக்ரிக்கு அயனாவரம் எட்வின் வந்தான்.
அவள் குரலை வைத்தே
ஆடி மாசத்து மேடைகளில் வீட்டுக்கடன் கட்டியவன்.
செருப்பை வெளியே விட்டான்,
மைக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.
முதல் டேக்கிலேயே அவள். அச்சு அசல்.
ஜபருல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டே
வவுச்சரில் கையெழுத்து வாங்கினார்.
எனக்கு ஏதோ இடித்தது.
எட்வினுக்கும்.
"சார், அம்மா மூச்சே விடாமலா பேசுவாங்க?"

ராத்திரி அந்த ஃபோல்டரைத் திறந்தேன்.
ஒரு தட்டு. உள்ளிழுத்த ஒரு மூச்சு.
துணிக்குள்ளிருந்து தப்பிய ஒரே ஒரு கிலுங்கல்.
எட்வின் குரலுக்கு முன்னால் ஒட்டினேன்.
பன்னிரண்டு ஃபிரேம், அரை விநாடி.

படம் எட்டு நாள் ஓடியது.
அசோக் நகரில் முதல் காட்சி,
அவள் முகம் வந்ததுமே விசில்.
நான் ஒட்டிய அரை விநாடி
விசிலுக்குள் போய்விட்டது.
வசனத்துக்குத் தியேட்டரே சிரித்தது.
பக்கத்து சீட்டில் எட்வின் மட்டும் சிரிக்காமல்
தொடையில் ஒரு தட்டு தட்டினான்.
மடியிலிருந்த பாப்கார்ன் கொட்டியது.