இடம் என்றால் அதன் இடம்

படிவத்தின் முதல் கட்டம் இனம்.
சிறுத்தை என்று எழுதினேன்.
பணிய கணக்கில் யாரும் அப்படிச் சொல்வதில்லை,
புலிதான்.
பால்: பெண்.

டொக்டர் விஜேகோன் கையுறையோடு சுற்றிச் சுற்றி வந்து
சிங்களத்தில் சொல்லச் சொல்ல
தமிழில் யோசித்து ஆங்கிலக் கட்டங்களில் நிரப்பினேன்.
"வம" என்றார்.
என் இடப்பக்கம் பார்த்து எழுதினேன்.
பேனையைத் தட்டினார்.
உன் இடமில்லை பிள்ளை, அதன் இடம்.
நாம் எங்கே நின்றாலும்.

அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

முதுகுப்புறம்: காயமில்லை.
நாலு காலில் நடப்பவைக்கு முதுகு வானத்தின் பக்கம்.
மலையில் நிற்கும் எங்களுக்கு அது பின்பக்கம்,
கூடை தொங்கும் இடம்.

வயிற்றுப்புறம்: நடுக்கோட்டுக்கு இங்கே இரண்டு, அங்கே இரண்டு,
நாலு முலைக்காம்புகள். பால் இல்லை.
அழுத்திப் பார்த்தார்.
கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அழுத்திப் பார்த்தார்.

உடலுக்குச் சேய்மையில்
நகங்கள் மூன்று முறிந்திருந்தன,
இடுக்கில் செம்மண், ஒரு தேயிலை வேர்.

கமெரா வைக்கிற பையன் நோர்வூட்டிலிருந்து
நனைந்துகொண்டு வந்து சேர்ந்தான்.
இரண்டு பக்கமும் எடுத்தான்.
தாளை மடித்து மை ஒற்றியதுபோல்
ஒரு பக்கப் புள்ளிதான் மறுபக்கமும் என்றிருந்தேன்.
இல்லையாம்.
இடப்பக்கம் தெரிந்த புலியை
வலப்பக்கம் பார்த்தால் ஆள் தெரியாதாம்.
கைபேசியை மாற்றி மாற்றித் தள்ளியவன்
படியில் உட்கார்ந்துவிட்டான்.
இரண்டு வருசமாய் இதை
இரண்டு புலியென்று எண்ணி வைத்திருக்கிறான்.

பிறகு திறந்தார்கள்.
சமச்சீர் தோலோடு முடிந்துபோயிற்று.
உள்ளே ஈரல் வலப்பக்கம் கனத்து,
இரைப்பை இடப்பக்கம் ஒதுங்கி,
லயத்து அறைக்குள் சாமான் வைத்த மாதிரி
இடம் கிடைத்த இடத்தில் எல்லாம்.

இடுப்பைச் சுற்றி இருந்தது கம்பி.
ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் கடற்சாமந்தி உண்டு,
ஆரைச் சமச்சீர்: முன் இல்லை, பின் இல்லை,
எந்தப் பக்கம் வந்தாலும் சரியென்று
இருந்த இடத்தில் இருக்கும்.
சுருக்கும் அந்தச் சாதி.
தலை முளைத்து, முன்னுக்குப் போகப் பழகிய உடம்புதான்
போய் அதற்குள் நுழைகிறது.
பின்னுக்கு வந்திருந்தால் கழன்றிருக்கும் என்றார் டொக்டர்.
எந்த மிருகம் பின்னுக்கு வரும்?

மோட்டார் சைக்கிள் கிளச் வயர்.
வெட்டி என் கையில் தந்தார்கள், பையில் போட.
முடிச்சைப் பார்த்தேன்.
வலக்கையால் முறுக்கினால் வலஞ்சுழியாய் வரும்.
இது இடஞ்சுழி.

எங்கள் லயத்தில் பீச்சாங்கைக்காரன் ஒருவன்தான்.
சந்தனம்.
பன்றி உழுதுபோட்ட லீக்ஸ் பாத்தியை
விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவன்.
அவன் மகள் காதுகுத்துக்கு
எங்கள் வீட்டுக்கும் ஒரு சட்டி இறைச்சி வந்தது.
இரண்டு தரம் போட்டுத் தின்றேன்.

வேறு குறிப்பு உண்டா என்று கேட்டார் வனத்துறை ஐயா.
அந்தக் கட்டம் இரண்டு விரல் அகலம்.
கம்பி, ஒன்று.
நீளம் நூற்றுப் பத்து சென்ரிமீற்றர்.
எந்தக் கை என்று படிவம் கேட்கவில்லை.
கையொப்பமிட்டேன்.

பொழுது பட்டு, பனி இறங்கி,
குழாயடி முடக்கில் எதிரே வந்தான்.
பெரிசா, என்றான்.
பொட்டை, என்றேன்.
வாளியை மாற்றிப் பிடித்துக்கொண்டு
கையைத் தூக்கினான்.
என் வலப்பக்கம் தெரிந்தது அந்தக் கை.
நானும் தூக்கினேன்,
எந்தக் கையை என்று நினைவில்லை.