கை நனைக்காதவர்கள்

ஜெனீவாவில், பலே தெ நசியோன் கட்டடத்தின் நிலவறையில்
விரிப்புகளுக்கு நான் பொறுப்பு.
பச்சைக் கம்பளி பதினாறு,
வெள்ளை லினன் நானூற்றுச் சொச்சம்.
அலமாரியை நகர்த்தியபோது
பின்னால் விழுந்து கிடந்தது ஒரு சலவைப் பதிவேடு.
1955, ஆகஸ்ட்.
முன்னட்டையில் எர்மின் ஷப்பிஸ் என்று பெயர்.
சிக்கனமான கையெழுத்து, நீல மை.

தேதி. அறை. விரிப்பு. கறை.
நாலே நாலு கட்டம்.

அந்த ஆகஸ்டில்தான் இங்கே
சீனரும் அமெரிக்கரும் கதைக்கத் தொடங்கினார்கள்.
அப்படியொரு அரசு இருப்பதாகவே
அமெரிக்கர் ஒப்பவில்லை.
இல்லாத அரசின் தூதர்
எதிரே வந்து உட்கார்ந்து
தண்ணீர் வேண்டாம் என்றிருப்பார்.
கறைக் கட்டத்தில் எர்மின்
"இல்லை" என்று எழுதியிருக்கிறாள்.
அடுத்த முறையும் இல்லை.
அதற்கடுத்த முறை எழுத அலுத்து
மேற்படிக்கு இரண்டு புள்ளி.
பக்கம் முழுக்க அந்தப் புள்ளிகள்
எறும்பு வரிசையாய் இறங்கிப் போகின்றன.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு சொல் உண்டு:
அந்த வீட்டில் நாங்கள் கை நனைப்பதில்லை.
சண்டை எதற்கென்பது மறந்துபோகும்,
சோறு வேண்டாம் என்பது மறக்காது.
கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காக
என் தகப்பனும் சித்தப்பனும்
பருத்தித்துறைக் கோட்டில் பதினொரு வருசம்.
இவர்களுக்கு நடுவே கதியால் இல்லை,
ஒரு கடல், கடலில் ஒரு தீவு.

முந்தின வருசம் இதே ஊரில்
ஒருவர் கை நீட்ட
மற்றவர் முகம் திருப்பிப் போனாராம்.
அப்படி நடக்கவே இல்லை என்பவர்களும் உண்டு.
நடந்ததோ இல்லையோ
அந்தக் கை பதினெட்டு வருசம் காற்றில் நின்றது.
பிறகு பீக்கிங்கில்
விமானப் படியில் இறங்கிய ஒருவர்
தரை வருமுன்பே கையை நீட்டிக்கொண்டு இறங்கினார்,
வட்டியும் முதலுமாய்.

செப்டம்பர் பத்து.
கறை: மை.
அங்கே அகப்பட்ட இவர் ஆட்களும்
இங்கே அகப்பட்ட அவர் ஆட்களும்
வீடு திரும்பலாம் என்று உடன்பட்ட நாள் அது.
ஓரத்தில் எர்மின் எழுதுகிறாள்:
எலுமிச்சை, உப்பு. போகவில்லை.

மறுபடி எறும்புகள்.
எழுபதுக்கும் மேல் அமர்வு.
1957 டிசம்பரோடு நின்றுவிடுகிறது.
வார்சாவுக்கு மாறிப் போய்விட்டார்கள்.
அங்கே யார் துவைத்தார்களோ.

வெளியே பூங்காவில் மயில் அகவுகிறது.
இங்கேயும் மயில் உண்டு,
சொன்னால் ஊரில் நம்பமாட்டார்கள்.
அது கத்தும்போது மொழிபெயர்ப்பாளர்கள்
ஒரு கணம் நிறுத்துவார்களாம்,
எந்தத் தரப்பு பேசியதென்று தெரியாமல்.

எங்கள் ஆட்களும் ஒரு தரம் வந்தார்கள்.
2006, ஏரியோரத்துக் கோட்டை.
அந்த விரிப்பு என்னிடம் வரவில்லை.
வந்திருந்தால்
நாலாவது கட்டத்தில் என்ன எழுதியிருப்பேன்.

போன மே மாதம் மறுபடி அவர்கள்.
வரிக்கு மேல் வரி, அதற்கு மேல் வரி,
ஏரிக்கு மேலே ஒரு வில்லா.
தொலைபேசியில் கேட்டார்கள், எட்டு வெள்ளை அனுப்பினேன்.
திங்கட்கிழமை திரும்பி வந்தன.
ஏழு சுத்தம்.
எட்டாவதில், மேசையின் நட்டநடுவே இருந்திருக்கும் இடத்தில்,
பழுப்பாய் ஒரு வட்டம்.
தேத்தண்ணியா, கோப்பியா?
கதவைப் பார்த்துக்கொண்டு
துணியை முகர்ந்தேன்.
தெரியவில்லை.

பதிவேட்டில் மிச்சமிருந்த பக்கத்தில்
எர்மினின் புள்ளிகளுக்குக் கீழே
தேதி எழுதினேன், அறை எழுதினேன், விரிப்பு எழுதினேன்.
கறை: ஒன்று.

அறுபது பாகையில் போடவேண்டிய துணியை
முப்பதில் போட்டேன்.