கழித்த காசுகள்

கிரெம்னிட்சாவில் ஜன்னலுக்கு வெளியே பனி,
உள்ளே என் மேசையில் ராணுவம்.
ஆளுக்கு இரண்டு யூரோ முகமதிப்பு.
தட்டுத் தட்டாக அணிவகுப்பு,
எல்லாரும் ஒரே ஆள்.

என் வேலை குறை பார்ப்பது.
லென்ஸ், பஞ்சுக் கையுறை.
நல்லது இடப்பக்கம், கழிவு வலப்பக்கம்.

முகம் யாருடையது என்று கேட்டேன்.
"யாருடையதும் இல்லை" என்றார் அச்சு செதுக்கும் வவ்ரினெட்ஸ்.
குழு எழுதிக் கொடுத்திருந்ததாம்:
தாடை உறுதியாக, பார்வை தொலைவில்,
எவர் சாயலும் விழக்கூடாது.
பதினோரு முறை திருத்தி
மூக்கைப் பொதுவாக்கியிருக்கிறார்.
பூட்ஸ் மட்டும் அவர் இஷ்டம்.
அதன் நாடாவில் ஒரு முடிச்சு,
அரிசியில் கால்வாசிகூட இல்லை,
ஆனால் யாரோ அவசரத்தில் போட்ட முடிச்சு.

வியாழன் மதியம் அச்சு விரிசல் விட்டது.
மயிரிழை. விளிம்பில் தொடங்கி
வீரனின் இடது முழங்காலில் போய் நின்றது.
நாற்பத்தாறு காசுகள்,
அதே காலில் அதே கோடு.

கை வலப்பக்கம் போகவில்லை.

டாலிபோருக்கும் இடது கால்தான்.
கண்ணிவெடி அகற்றப் போனவன்,
அடுத்தவர் நாட்டில் அடுத்தவர் புதைத்தது.
இப்போதும் என் தம்பி
குளிக்கும்போது கதவை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறான்.

ஓட்டிலியா வந்து நின்றாள்.
"எண்ணிக்கை?"
"நாற்பத்தாறு."
உருக்கப் போகும் வாளியில் கவிழ்த்தேன்.
சில்லறைச் சத்தம்தான் கேட்டது,
வேறென்ன கேட்கும்.

குறையில்லாத ஒன்று
நீலப் பெட்டியில், அமைச்சகக் கடிதத்தோடு
அவனுக்குத் தபாலில் வந்தது.
கண்ணாடிப் பளபளப்பு,
விரல் பட்டால் விலை போய்விடும்.
நான் சொல்லி முடிப்பதற்குள்
உறையைப் பல்லால் கடித்துத் திறந்து
கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்தான்.

சனிக்கிழமை, சூப்பர் மார்க்கெட் வாசல்.
தள்ளுவண்டியின் பூட்டில் அதைச் செருகினான்.
சங்கிலி கழன்றது.
உருளைக்கிழங்கு, பால், நாய்க்கு எலும்பு.
ஊன்றுகோலைக் காரிலேயே விட்டுவிட்டு
வண்டிமேல் சாய்ந்து சாய்ந்து
எல்லா வரிசையிலும் போய் வந்தான்,
வாங்காத வரிசையிலும்.

வண்டியைத் திரும்ப நிறுத்தியதும்
பூட்டு காசைத் துப்பியது.
"போட்டதை அப்படியே திருப்பித் தருகிற
ஒரே இலாகா இதுதான்" என்றான்.

பழக்கதோஷம்,
அவன் உள்ளங்கையைக் குனிந்து பார்த்தேன்.
கீறல் இரண்டு. எண்ணெய்ப் பிசுக்கு.
முகத்தின் மேல் முழு ரேகை.
வலப்பக்கம், சந்தேகமே இல்லை.

"செல்லுமா, அக்கா?" என்று கேட்டுவிட்டு
பைகளை என் தலையில் கட்டி,
பதிலுக்கு நிற்காமல்
பனியில் காரை நோக்கி நடந்தான்.