ஓர் அங்குலம்

கிளம்புகிற எண்ணம் இருப்பவர்கள்
வண்டிக்குக் கூரை போடமாட்டார்கள்.
இதை ஓர்வோவிடம் நான் சொல்லவில்லை.
கோடை முழுக்கக் குழி தோண்டிக்கொண்டிருந்தான்,
இடுப்பெலும்பு மாற்றி ஐந்து மாதம்கூட ஆகாதவன்.
எட்டுக் கம்பங்கள். ஒவ்வொன்றுக்கும் நாலடி ஆழம்.
குறைந்தால் உறைபனி கீழிருந்து நெம்பிவிடுமாம்
பல்லைப் பிடுங்குகிற மாதிரி.

டவுன்ஷிப் அலுவலகத்தில் திருமதி பெலாஞ்சர்
மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்து
படிவத்தை நகர்த்தினாள்.
ஆள் குடியிருக்கும் கட்டடமா?
இல்லை என்ற கட்டத்தில் ஓர்வோ கோடிட்டான்.
உள்ளே நிற்கப்போவதில்
கட்டில் இருக்கிறது, இரட்டை அடுப்பு இருக்கிறது,
நான் தைத்த மஞ்சள் திரை இருக்கிறது,
அரிசோனா வரைபடம் மடிப்புக் குலையாமல் இருக்கிறது.
அதற்கெல்லாம் படிவத்தில் கட்டமில்லை.

சுப்பீரியர் ஏரி எங்கள்மேல் கொட்டுவது
ஒரு குளிர்காலத்துக்கு இருபது அடி.
தட்டைக் கூரை வேண்டாம் என்றான் என் தம்பி வெர்ன்.
பேக்கரி வாசல் பந்தல் மடங்கியதை
அவன் நேரில் பார்த்தவன்.
சரி, சரிவாகவே.
தகரம் பச்சையா பழுப்பா என்று
ஒரு வாரம் பேசாமலிருந்தோம்.
பச்சை வென்றது. அதாவது, நான்.

செப்டம்பர் கடைசியில் வெர்ன் கைகாட்ட
ஓர்வோ பின்னோக்கி ஓட்டினான்.
வா, வா, இன்னும் வா,
பிறகு ஒரு சத்தம்,
சின்னதுதான், தேங்காய் உடைகிற மாதிரிகூட இல்லை.
வாசல் உத்தரம் பதின்மூன்றடி.
வண்டி பன்னிரண்டடி ஓர் அங்குலம்.
மூன்றுமுறை அளந்தானே!
அளந்த அன்று கூரைமேலிருந்த ஏசி
பழுதுபார்க்கும் கடையில் இருந்தது.
அதன் உயரம் சரியாக ஓரடி.

மூவரும் உத்தரத்தைப் பார்த்தபடி நின்றோம்.
வெர்ன் ரம்பம் எடுக்கப் போனான்.
ஓர்வோ சரளையில் உட்கார்ந்துவிட்டான்,
இடுப்பு வலிக்காக என்று நினைத்தேன்,
இல்லை.
“இந்த வருஷம் போகாவிட்டால்
அப்புறம் போகவே மாட்டோம், அய்லி”
என்றான், டயரைப் பார்த்து.
அப்போதுதான் தெரிந்தது,
கோடையெல்லாம் எனக்குள் புழுங்கியதை
அவனும் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறான்
குழி குழியாக.

காற்றை இறக்கு என்றேன்.
எதிலிருந்து?
டயரிலிருந்துதான், வேறெதிலிருந்து.

ஆறு டயரும் நீளமாக மூச்சுவிட்டன.
வண்டி களைத்த மாடு போலத் தணிந்து
ஒரு விரல் இடைவெளியில் உள்ளே போனது.
வெர்ன் ரம்பத்தோடு திரும்பி வந்தபோது
நாங்கள் வரைபடத்தை விரித்திருந்தோம்.
விரித்தோம், அவ்வளவுதான்.
அக்டோபரில் மருத்துவர் வேண்டாம் என்றார்.
நெடுந்தூரம் உட்காரக்கூடாது.

பிப்ரவரியில் ஒரு இரவு தூக்கம் வராமல்
கோட்டுக்குமேல் கோட்டு போட்டுக்கொண்டு
வழியை மண்வாரியால் வெட்டிக்கொண்டு போய்
ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன்.
சாவி போடவில்லை.
கண்ணாடிக்கு வெளியே வெறும் பலகைச் சுவர்,
அதில் ஓர்வோ பென்சிலால் எழுதிய கணக்கு
கழித்தல் தப்பாக.
திடீரென்று தலைக்குமேல்
பச்சைத் தகரம் தன் பனியை மொத்தமாக உதறியது.
வண்டி அதிர்ந்தது.
ஒரு நொடி, சத்தியமாக,
போய்க்கொண்டிருக்கிறோம் என்றே நினைத்தேன்.

இன்று ஏப்ரல் பத்தொன்பது.
கதவோரம் அரையடிச் சேறு.
காற்றடைக்கும் இயந்திரத்தின் ஒயர் வாசலுக்கு எட்டவில்லை,
இன்னொன்றைச் சேர்த்து முடிச்சிட்டிருக்கிறான்.
முதலில் வெளியே வரவேண்டும், பிறகுதான் காற்று.
மாற்றிச் செய்தால் உத்தரம் போய்விடும்
என்று என்னிடமே இரண்டுதரம் சொல்கிறான்.
ஸ்டியரிங்கில் நான்.
அவன் உத்தரத்தின்கீழ் நின்று
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே
இடைவெளி காட்டுகிறான்.
மெதுவா. மெதுவா.
மூக்கு மட்டும் வெயிலுக்கு வந்திருக்கிறது.