மூன்று புள்ளி நான்கு

நீலக் கோடுகளுக்கு இன்னும் நிலை இல்லை.
மவுஸால் பிடித்து இழுத்தால்
புள்ளி வைக்க மறந்த மெய்யெழுத்துப் போல
வேறெதாகவோ ஆகிவிடும்.
கறுத்த கோடுகள் அப்படியல்ல.
அளவு சொல்லி, இணை சொல்லி, தொடுகோடு சொல்லிக்
கட்டிப்போட்டவை. அசையா.

மரிபோர் நகரில், திராவா ஆற்றுக்கு இக்கரையில்,
ரொட்டி அடுப்புகள் செய்யும் ஆலையின் இரண்டாம் மாடியில்
நேவெங்கா திறந்திருப்பது
ஸ்வோன்கோ விட்டுப்போன கோப்பு.
அடுப்புக் கதவின் கீல். எழுபத்தொரு படிகள்.
அடியில், எல்லாவற்றுக்கும் அடியில், ஒரே ஒரு ஸ்கெட்ச்
மூலப்புள்ளியில் உட்காராமல்
வலப்பக்கம் மூன்று புள்ளி நான்கு மில்லிமீட்டர்
தள்ளி நிற்கிறது.

ஏன் என்று எழுதிவைக்கவில்லை.
அவன் எல்லை தாண்டி கிராட்ஸுக்குப் போய் ஆறு மாதம்.
குடித்த கோப்பையைக்கூடக் கழுவாமல் போனவன்
என்கிறாள், யாரிடமும் இல்லாமல்.

கோணல் அவளுக்கு ஆகாது.
பேருந்தில் முன் இருக்கைக்காரரின் காலர் மடங்கியிருந்தால்
ஐந்து நிறுத்தமும் அதையே பார்ப்பாள்.

அளவை அழித்தாள்.
ஸ்கெட்ச் நீலமாகி நெகிழ்ந்தது.
விளிம்புக்கு உருண்டுவிட்ட பிள்ளையைத்
தூக்கம் கலையாமல் கட்டிலின் நடுவுக்கு நகர்த்துவது போல
நகர்த்தினாள்.
மூலப்புள்ளி கவ்விக்கொண்டது. கறுத்தது.

அடுத்த நொடி பட்டியல் முழுக்கச் சிவப்பு.
துளை, என் முகத்தைக் காணோம் என்றது.
வளைவு, என் விளிம்பைக் காணோம் என்றது.
கண்ணாடிப் பிம்பமாய் நின்ற மறுபாதி
எதைப் பார்த்து நிற்பதென்று தெரியாமல்
மறைந்தேபோனது.

வாங்கி வைத்த புரெக் ஆறி விறைத்தது.
போஹோர்யே மலையில் பனி இறங்கியதை
ஜன்னல் சொல்லியும் அவள் திரும்பவில்லை.
இது உன் முகம், இது உன் விளிம்பு, இங்கே நில்,
இல்லை, நீ அங்கே,
கல்யாணப் பந்தியில் ஆள் உட்கார்த்துகிற மாதிரி
ஒவ்வொன்றாய்.
நாலரைக்குச் சிவப்பு இல்லை.
வரைபடத்தைக் கீழே அனுப்பினாள்.

ஐந்துக்குத் தொலைபேசி. மில்லிங் மெஷின் ஃபெர்தோ.
"கீலை யார் நேராக்கினது?"
"நான்தான்."
"நேராக்கினால் கோணலாய் வருமே."

இறங்கிப் போனாள்.
வெட்டெண்ணெய் வாசம். ரேடியோவில் பனித்தாவல் வர்ணனை,
யாரோ காற்றில் இருந்தான், இன்னும் இறங்கவில்லை.
ஃபெர்தோ முட்டியால் தட்டிக் காட்டினான்.
இரும்புத் துண்டைப் பிடித்துக்கொள்ளும் தாங்கி,
எந்தக் குளிர்காலத்திலோ ஒரு ஃபோர்க்லிஃப்ட்
பின்வாங்கி இடித்ததில்
இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது.
எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.
அவனாகவே காலிப்பரை நீட்டினான்.

"புதுசு கேட்டு மூன்று தடவை எழுதினோம்.
காகிதம் மேலே போகும். இறங்காது.
ஸ்வோன்கோ அங்கே கொஞ்சம் தள்ளினான்,
இங்கே கதவு மூடியது."

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே
அத்தனை சின்னப் புள்ளிக்குள்
ஒரு வண்டி பின்வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.
அவளுக்குத்தான் அதன் சத்தம் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் செல்யே ரொட்டிக் கடைகளுக்கு
நாற்பது கதவு.

படியேறி வந்து
மறுபடி பிடித்து, மறுபடி வலப்பக்கம்.
இம்முறை சிவந்தது பதினொன்றுதான்;
மற்றவை பகலிலேயே பழகிவிட்டன.
அளவைக் கட்டினாள்.
அளவுக்கு ஒரு பெயர் இடலாம் என்று
திரையின் மூலையில் ஒரு சிறு பெட்டி
இத்தனை வருடமாய்க் காலியாகவே கிடந்தது.
அதில் அடித்தாள்: ஃபோர்க்லிஃப்ட்.

கோடு கறுத்தது.
கோட்டை மாட்டிக்கொண்டவள் திரும்பி உட்கார்ந்து
தாங்கி கேட்டு ஒரு விண்ணப்பம் திறந்தாள்,
நான்காவது.
காரணம் என்ற இடத்தில்
கர்சர் துடித்தபடி இருக்கிறது.