தவக்காலச் சோப்பு

ராமநாதபுரத்துக் கடையில்
காஸ்டிக் சோடா கேட்டேன்.
"கக்கூஸ் அடைப்பாம்மா?"
"இல்லண்ணே, கை கழுவ."
தராசில் படிக்கல்லை வைக்காமல்
கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார்.

பார்க்கட்டும்.
பதினொரு வருஷம் இறால் கம்பெனியில்
தலை கிள்ளி ஓடுரித்த கை.
எலுமிச்சை, புளி, அடுப்புச் சாம்பல்,
சூப்பர்வைசர் அளந்து ஊற்றும் பச்சைத் திரவம்
எதைப் போட்டாலும்
வாடை எனக்கு முன்னால் வீடு போய்
கதவைத் திறந்து வைத்திருக்கும்.
பாம்பன் பஸ்ஸில் என் பக்கத்து சீட்
உச்சிப்புளி வரை காலி.

பெயரோ அமலோற்பவம்.
மாசில்லாமல் பிறந்தவள் என்று அர்த்தம்.
ஞானஸ்நானம் கொடுத்த சாமியார்
சிரிக்காமல்தான் வைத்திருப்பார்.

குறை உன் கையில் இல்லை என்றாள்
பெரியபட்டினத்தில் செக்கு வைத்திருக்கும் மைமூன்.
உங்கள் கிணற்றில் ஊறுவது பாதி கடல்.
கடைச் சோப்பு அதில் திரிந்த பாலாகக் கையில் ஒட்டும்.
தேங்காயெண்ணெய்ச் சோப்பு ஒன்றுதான்
உப்புக்கும் இறங்கிவரும்.
சொல்லிவிட்டு நாலு கிலோ எண்ணெயைக் கடன் எழுதினாள்.

முதல் தடவை அலுமினியச் சட்டி.
சீறி, கருத்து, புகைந்து,
சட்டியின் அடிவழியாக
அடுப்பங்கரைத் தரை தெரிந்தது.
இன்னாசி திட்டவில்லை.
ஓட்டை வழியாக என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
வலை பொத்தப் போய்விட்டார்.

அடுத்தது சாம்பல் புதன்.
நெற்றியில் இட்ட சிலுவை கலையுமுன்
பிளாஸ்டிக் வாளியில் அளந்து ஊற்றினேன்,
லாரிக்காரன் குடம் பன்னிரண்டு ரூபாய்க்குத் தரும்
குடிதண்ணீரை.
"குடிக்கிற தண்ணியிலயாடி?"
சுவருக்கு அந்தப் பக்கம் பிரிஸ்கில்லா.
முதல் கட்டி உனக்கு என்றதும் அடங்கினாள்.

தண்ணீருக்குள் சோடா.
சோடாவுக்குள் தண்ணீர் அல்ல,
வரிசை மாறினால் முகம் போகும்.
தீயில்லாமல் வாளி கொதித்தது.
ஆறவிட்டு,
கிலோ எண்ணெய்க்கு நூற்றெழுபது கிராம் கணக்கில்
கலந்து கிளறி கிளறி
தோள்பட்டை கெஞ்சுகிற நேரத்தில்
ரவைக்கஞ்சிப் பதம்.
மோட்டார் குழாயின் வெட்டுத் துண்டுகளில் வார்த்தேன்.
விடிகாலையில் தள்ளி எடுத்து அறுத்தேன்.
அசந்தால் கல்.

ஆனாலும் உடனே தொட முடியாது.
நாக்கு நுனியில் வைத்தால் சுள்ளென்றது.
நாற்பது நாள் காற்றாட வேண்டுமாம்.

எங்களுக்கும் அதே நாற்பது.
கறி இல்லை, தலைக்குப் பூ இல்லை,
இன்னாசிக்குக் குடி இல்லை, பெயரளவுக்கு.
வெள்ளிதோறும் சிலுவைப்பாதை முடிந்து வந்து
பரணில் ஒவ்வொன்றாய்த் திருப்பி வைப்பேன்.
நாற்பத்து நான்கு வெள்ளை வட்டங்கள்
எங்களைவிட ஒழுங்காக நோன்பிருந்தன.
காரம் இறங்கியது. எடை இறங்கியது.
பல்லி கூடக் கடிக்கவில்லை.

ஈஸ்டர் விடியலில்
பூசை முடிந்த சேலையோடு கரைக்குப் போனேன்.
கிணறு எதற்கு,
கடலையே அள்ளித் தேய்த்தேன்.
நுரைத்தது.
அலை கொண்டுவந்ததா நான் உண்டாக்கியதா என்று
பிரிக்க முடியாதபடி
மணிக்கட்டு வரை நுரை.

அப்புறம் ஒன்பது நாள் வேலை,
ஒன்பது சாயங்காலம் சோப்பு.
பத்தாம் நாள் தடைக்காலம்.
விசைப்படகுகள் வரிசையாய்க் கட்டிக் கிடக்க
கம்பெனி கேட்டில் பூட்டு.

எண்ணெய்க் கடனுக்குப் பதினைந்து கட்டியாவது
கொடுத்துவிடலாமென்று மைமூனைப் பார்க்கப் பயணம்.
மண்டபத்தில் ஏறிய ஒருத்தி
கைப்பிள்ளையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்,
நகரச் சொல்லக்கூட இல்லை.
பிள்ளை என் விரலைப் பிடித்து வாயில் வைத்தது.
யாரும் பார்க்காதபோது
அடுத்த கையை மோந்து பார்த்தேன்.

ஒன்றுமில்லை.
இறால் இல்லை, கூலியும் இல்லை.
அறுபத்தொரு நாள்.
மடிப்பையைத் திறந்து
கட்டி ஒன்று முப்பது ரூபாய் என்று
எண்ணத் தொடங்கினேன்.
"சோப்பாக்கா?" என்றாள் அவள்.