ரூட் என்றொருவர்

தோர்ஷவ்ன் துறைமுகத்தில்
ஏழரைக்குக் கிளம்பவேண்டிய படகு
எங்கள் அறிவிப்புப் பலகையில் மட்டும்
ஆறரைக்கே போய்விட்டது.
ஏழு மணிக்கு வந்தவர்கள்
பலகையை நம்பித் திரும்பிப் போனார்கள்,
மீன்பெட்டி ஏற்றிய லாரியும்
செல்லோவைத் தோளில் சுமந்த பெண்ணும்.
நிஜப் படகு பாதி காலியாய்த் தெற்கே போனது.

இரவு மூவரும் உட்கார்ந்தோம்.
மழை படுக்கைவாட்டில் பெய்தது,
இந்தத் தீவுகளில் அப்படித்தான்.

“ஆயிரத்து இருபது கமிட்.
ஒவ்வொன்றாய்ப் பார்த்தால் விடிந்துவிடும்”
என்றான் ஹ்யால்தி.
“பாதியில் வெட்டு” என்றாள் ரன்வா.
ஒழுங்காக ஓடிய ஒரு நாள் தெரியும்,
ஓடாத இன்றும் தெரியும்,
நடுவே ஒன்றை எடு, ஓட்டிப் பார்,
நல்லதா கெட்டதா, அதை மட்டும் சொல்.
ஐநூறு கழிந்தது. இருநூற்றைம்பது கழிந்தது.
காபி ஆறுவதற்குள்
பத்தாவது கேள்வியில்
ஒன்றே ஒன்று அகப்பட்டது.

ஜூலை ஒன்பது. நள்ளிரவு தாண்டி.
அக்டோபரில் ஒரு மணி கழிக்கும் வரி
இரண்டு இடத்தில்.
குறிப்பு: சரிசெய்தேன்..
எதை, ஏன், ஒன்றுமில்லை.
எழுதியவர்: ரூட்.

துறைமுக அறையின் பழைய கணினி அது.
வந்த நாளில் யாரும் அதனிடம்
தன் பெயரைச் சொல்லவில்லை.
பெயருக்கு ஒரு வரி, மின்னஞ்சலுக்கு ஒரு வரி,
அரை நிமிடம் ஆகியிருக்காது.
அவசரத்துக்கு மூவருமே அதில் தட்டியிருக்கிறோம்,
மூவரும் சேர்ந்து
ரூட் என்றொருவரைப் பெற்றுவிட்டோம்.

“நானாக இருக்கலாம்” என்றாள் ரன்வா.
“ஜூலையா? நான்தான் போல” என்றான் ஹ்யால்தி.
நான் வாய் திறக்கவில்லை.
வாக்கியம் முடிந்தும் இரண்டு புள்ளி வைக்கிறவர்
இந்த அறையில் ஒருவர்தான்.

“அழித்துவிட்டு மேலே தள்ளிவிடலாமா,
யாருக்குத் தெரியும்?”
கேட்டது ஹ்யால்தி. எனக்காகக் கேட்டானோ என்னவோ.
ரன்வா திரும்பாமலே சொன்னாள்:
“உன் கிளை என்றால் உன் இஷ்டம்.
இது எல்லோரும் நிற்கிற தளம்,
அடியிலிருந்து பலகையை உருவாதே.”

காலையில் நானே போனேன்.
கடற்காகம் ஒன்று கம்பத்தில் சிறகு உலர்த்தியது.
கணினிக்கு என் பெயரைச் சொன்னேன், முழுப் பெயரை.
பழைய கமிட்டைத் தொடவில்லை,
அதன் மேல் அதற்கு எதிரான ஒன்றை வைத்தேன்.
தலைப்பு சிறிதாய், கீழே ஒரு வரி இடைவெளி,
பிறகு நடந்தது முழுக்க:
ஜூலையில் நான் செய்தது,
லாரி, செல்லோ, ஏழரை மணி.

முடிவில்
ஒரு புள்ளி.